டியூக் கிளம்ப மாட்டான்

போன மாசம் பக்கத்து வீட்டுப் பையன் கல்யாணத்துல மாப்பிள்ளை பேட்டரி சாரட்டுல வந்து இறங்கினான். முன்னாடி ரெண்டு பிளாஸ்டிக் குதிரை, கழுத்துல கலர் பல்பு. ஒரு பொண்ணு கையில ரிமோட் வெச்சுக்கிட்டு ஓரமா நடந்து வந்தா. பட்டனை அழுத்தினா போகுது, விட்டா நிக்குது. சாணி போடலை, யாரையும் நக்கலை, மாலையைத் தின்னலை. எனக்குச் சிரிப்பு தாங்கலை. பந்தியில அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, நீங்க நிஜக் குதிரை வெச்சு இதே வேலை பார்த்தீங்களாமே, எப்படி ஹேண்டில் பண்ணீங்க?"ன்னு கேட்டா. ரசம் வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கிற சமாச்சாரமா அது? எழுதித் தரேன்மான்னு சொல்லிட்டு வந்தேன். இதோ எழுதறேன்.

என் பேரு வசந்தா. திருவல்லிக்கேணியில பொறந்து வளர்ந்தவ. எனக்குத் தெரிஞ்ச குதிரை எல்லாம் பீச்சுல ரவுண்டு அடிக்கிற, விலா எலும்பு தெரியற குதிரைதான். அதுக்கிட்டயும் போக மாட்டேன், கடிச்சு வெச்சுடும்னு பயம். தொண்ணூறுகள் ஆரம்பத்துல எங்க வீட்டுக்காரர் சுந்தரத்துக்கு அமெரிக்காவுல, ஜெர்சி சிட்டியில ஒரு பேங்க்ல கான்ட்ராக்ட் வேலை கிடைச்சு வந்து சேர்ந்தோம். க்ரீன் கார்டு வர்ற வரைக்கும் நான் வேலைக்குப் போக முடியாது. சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கார்டு வந்த சமயம் ஜெர்சி சிட்டி வாடகை எகிறிப் போய், மேற்கே சோளக்காடு இருக்கிற ஒரு ஊருக்குக் குடி மாறினோம். வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு வேலியில "ஆள் தேவை"ன்னு போர்டு தொங்குச்சு. எம்.காம் படிச்சவ, கணக்கு எழுதற வேலையா இருக்கும்னு நெனச்சு, ஃபைலை எடுத்துக்கிட்டு உள்ளே போனேன்.

உள்ளே போனா, வாசலை அடைச்சுக்கிட்டு ஒரு பின்பக்கம் நிக்குது. யானைக்குட்டின்னு நெனச்சேன். குதிரை. பெல்ஜியன் ஜாதி, பார வண்டி இழுக்கறதுக்குன்னே பொறந்தது. பழுப்பு உடம்பு, வெள்ளைப் பிடரி, ஒரு டன் எடை. குளம்பு ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலம். நான் அஞ்சடி. அது பக்கத்துல ஒரு அமெரிக்க அம்மா, அறுபது வயசு இருக்கும், ஒல்லியா உயரமா, ஆம்பளை பூட்ஸ் போட்டுக்கிட்டு பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. பேரு மேபிள். கல்யாணம், ஊர்வலம், கிறிஸ்மஸ்னா குதிரை வண்டி வாடகைக்கு விடற கம்பெனி அவங்களுது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பெட்டிங்கிறது குதிரையோட பேரு. அது காதுகிட்டப் போய், "பெட்டி, இந்த அம்மாவுக்குக் குதிரை தெரியாது. ஆனா உன்னைப் பார்த்து ஓடலை. நாளைக்குக் காலையில வரச் சொல்லு"ன்னாங்க.

நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டி ஒண்ணும் சொல்லலை. சரின்னு மறுநாள் போயிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் தலையில கை வெச்சுக்கிட்டார். "குதிரை லாயத்துல வேலைன்னா ஊர்ல கேட்டா என்ன சொல்றது?"ன்னார். டிரான்ஸ்போர்ட் கம்பெனின்னு சொல்லுங்கன்னேன். எங்க பொண்ணு நித்யா மட்டும், "அம்மா, தட்ஸ் ஸோ கூல்"னு குதிச்சா. அவ என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுக்காகவே இன்னும் ரெண்டு குதிரை மேய்க்கலாம்னு தோணிச்சு.

மேபிள் மனுஷங்ககிட்ட நேராப் பேச மாட்டாங்க. திட்டறதா இருந்தாலும் பாராட்டறதா இருந்தாலும் குதிரைகிட்டதான். "பெட்டி, உன் தொட்டியில தண்ணி மாத்தலை பாரு, யாரோ கனவு கண்டுக்கிட்டிருக்காங்க"ன்னுவாங்க. கூட வேலை பார்த்த வெள்ளைக்காரங்க எல்லாம் இந்த அம்மாவுக்கு மறை கழண்டு போச்சுன்னு ஒவ்வொருத்தரா ஓடிட்டாங்க. நான் ஏன் ஓடறேன்? என் மாமியார் தினமும் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது, "வா ராசா, உப்பில்லாத சோறுதான் இன்னிக்கும், என்ன செய்யறது"ன்னு காக்காய்கிட்ட என்னைப் பத்திக் குறை சொல்லுவாங்க. ஜாடைப் பேச்சுல நான் பி.ஹெச்டி. ஆறே மாசத்துல நானும் ஆரம்பிச்சுட்டேன். "பெட்டி, சம்பளம் கூட்டறேன்னு போன கிறிஸ்மஸ்ல யாரோ சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன். மேபிள் பிரஷ்ஷை நிறுத்தாம, "பெட்டி, ஞாபகம் இருக்குன்னு சொல்லு"ன்னாங்க. ஒரு டன் குதிரையை நடுவுல நிறுத்தி ரெண்டு பொம்பளைங்க குடித்தனம் நடத்தின மாதிரி இருந்துச்சு அந்த லாயம்.

வேலை கத்துக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்லிடறேன். முதல் வருஷம் சாணி. அதை விவரமா எழுதினா படிக்கிறவங்க சாப்பிட முடியாது. ரெண்டாவது வருஷம் சேணம். அப்புறம் வண்டி ஓட்டற ஆசனம்.

சேணம் பூட்டறதைப் பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும், ஏன்னா அந்த ரிமோட் பொண்ணு அதைத்தான் கேட்டா. பால் கேன் அடுக்கற பிளாஸ்டிக் பெட்டியைக் கவுத்துப் போட்டு நான் அது மேல ஏறி நிப்பேன். முதல்ல கழுத்துக் காலர். உள்ளே வைக்கோல் அடைச்ச தோல் வளையம். போட்டுட்டு, தொண்டைக்கும் காலருக்கும் நடுவுல உள்ளங்கையைத் தட்டையா விட்டுப் பார்க்கணும். கை போகலைன்னா மூச்சு முட்டும், முழங்கை வரைக்கும் போச்சுன்னா தோள் புண்ணாகும். அது மேல இரும்புக் கொம்பு ரெண்டு, அதுல இருந்து பின்னாடி போற இழுவை வார். வண்டியில பூட்டும்போது கடிவாள வார் கையில வந்த பிறகுதான் மத்தது. முன்னாடி நுகத்தடியை மாட்டணும், கடைசியாத்தான் இழுவை வார். அவுக்கும்போது அப்படியே தலைகீழ், இழுவை வார்தான் முதல்ல. மாத்திச் செஞ்சா குதிரை ரெண்டு அடி வெச்சதும் வண்டி அது காலை இடிக்கும், அப்புறம் அது நிக்காது, அடுத்த ஊர்லதான் பார்க்கணும்.

இது எல்லாத்துக்கும் மேல மேபிளோட ஒரு சட்டம் உண்டு. பூட்டின வண்டியைப் பின்னாலிருந்து யாரும் தொடக் கூடாது, தட்டக் கூடாது, தள்ளக் கூடாது. குதிரைக்குக் கண்பட்டை கட்டியிருக்கும், பின்னாடி என்ன வருதுன்னு அதுக்குத் தெரியாது. மிரண்டா முடிஞ்சுது. இந்தச் சட்டத்தை மேபிள் வாரம் ஒரு தடவை எல்லாக் குதிரைகிட்டயும் சொல்லுவாங்க. குதிரைங்க தங்களைத் தாங்களே பின்னாலிருந்து தட்டிக்கப் போகுதா என்ன, எல்லாம் எனக்குத்தான்.

டியூக் வந்தது தொண்ணூத்தி எட்டு வசந்த காலத்துல. பென்சில்வேனியாவுல வைக்கோல் வண்டி இழுத்துக்கிட்டிருந்தவன். அந்தப் பண்ணையை மூடினதால மேபிள் வாங்கிட்டு வந்தாங்க. அப்படி ஒரு அழகன். கொள்ளுன்னா உசிரை விடுவான். நம்ம இண்டியன் ஸ்டோர்ல வாங்கி, ஊற வெச்சு எடுத்துட்டுப் போவேன். ஓட்ஸ் தின்னு வளர்ந்தவன் என் கையில கொள்ளு தின்னுட்டு, மூஞ்சியை என் தோள்ல வெச்சுத் தேய்ப்பான். நான் அப்படியே ரெண்டடி பின்னாடி போய் விழுவேன். எனக்கு அவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஆனா ஒரு வியாதி. நிறுத்தினா நிப்பான், கோயில் தூண் மாதிரி நிப்பான். வண்டியில பூட்டிட்டா கிளம்ப மட்டும் மாட்டான். நாக்கால சொடுக்கினோம், வாரை ஆட்டினோம், ஆப்பிள் காட்டினோம், மேபிள் பாக்கெட்ல வெச்சிருக்கிற பெப்பர்மின்ட் காட்டினோம். நின்ன இடத்துலயே கழுத்தை நீட்டி வாங்கித் தின்னுட்டு மறுபடி நிப்பான். நான் விநாயகர் அகவல் சொல்லிப் பார்த்தேன். அதையும் காது கொடுத்துக் கேட்டான், நகரலை. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துல பூட்டின இடத்துலயே, நட்ட நடுத் தெருவுல நின்னுட்டான். பின்னாடி ஃபயர் இன்ஜின், அதுக்குப் பின்னாடி மேயர், அதுக்கும் பின்னாடி பேண்டு வாத்தியம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்குது. ஜனங்க சிரிச்சாங்க. வாடகைக்கு எடுத்தவங்க சிரிக்கலை.

ஆகஸ்ட் கடைசியில மேபிள் முடிவு பண்ணிட்டாங்க. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வர்ற லேபர் டே லீவு முடிஞ்சு, செவ்வாய்க்கிழமை வியாபாரியோட லாரி வரும், டியூக்கை ஏலத்துக்கு ஏத்திட்டுப் போகும். வேலை செய்யாத பெரிய குதிரையை அந்த ஏலத்துல யார் வாங்குவாங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். கறிக்குத்தான் போகும். மேபிள் அதை டியூக்கிட்டச் சொல்லலை. "பெட்டி, நீயே அவன்கிட்டச் சொல்லிடு"ன்னு சொல்லிட்டுத் தொப்பியை இழுத்து முகத்துல விட்டுக்கிட்டாங்க. நான் தீவன ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். வீட்டுல வந்தும் அழுதேன். "நம்ம கராஜ்ல வெச்சுக்கலாமா?"ன்னு எங்க வீட்டுக்காரரே கேட்டுட்டார், பாவம்.

அந்த லேபர் டே திங்கட்கிழமை ஆவணி முகூர்த்தம். எடிசன்ங்கிற ஊர்ல ஒரு கோயமுத்தூர்க்காரங்க வீட்டுக் கல்யாணம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு ரெண்டு குதிரை சாரட் வேணும்னு நாலு மாசம் முன்னாடியே புக் பண்ணியிருந்தாங்க. பெட்டிக்கு ஜோடியாப் போக வேண்டிய பென்ங்கிற குதிரைக்கு சனிக்கிழமை காலையில குளம்புல சீழ் கட்டி மூணு கால்ல நிக்கறான். வேற குதிரை இல்லை. டியூக்தான். நான் பால் பெட்டி மேல ஏறி நின்னு, "பெட்டி, நாளைக்கு அவன் ஒழுங்கா நடந்துட்டா லாரி வேண்டாம்தானே, கேட்டுச் சொல்லு"ன்னேன். மேபிள் பென்னோட குளம்பை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாங்க. அப்புறம், "நடந்துட்டா பார்க்கலாம்னு சொல்லு பெட்டி"ன்னாங்க.

ஹோட்டல்ல இருந்து எதிர்ல இருக்கிற கல்யாண ஹாலுக்கு ஒரு பார்க்கிங் லாட் தூரம்தான். நடந்தே போயிடலாம். ஆனா நடந்து போனா அது மாப்பிள்ளை அழைப்பு ஆகுமா? அஞ்சு மணிக்கு நாங்க ரெடி. மாப்பிள்ளை கார்த்திக், டெக்சஸ் ரவுண்ட் ராக்ல கம்ப்யூட்டர் இன்ஜினியர், கோட்டு சூட்டு மாலையோட ரெடி. ஒரு பையன் தோள்ல டேப் ரெக்கார்டர், அதுல நாதஸ்வரம், அதுவும் ரெடி. ராகு காலம் மட்டும் ரெடி இல்லை. ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு. "அது இந்தியா டைம்"னு ஒரு அங்கிள். "இல்ல, எந்த ஊர்ல இருக்கோமோ அந்த ஊர் டைம்"னு ஒரு ஆன்ட்டி. "டே லைட் சேவிங்குக்கு ஒரு மணி நேரம் தள்ளினாங்களே, ராகுவுக்கும் தள்ளணுமா?"ன்னு இன்னொரு அங்கிள் கிளப்பிவிட, அது ஒரு பெரிய மாநாடா நடந்துச்சு. கடைசியில எதுக்கு வம்புன்னு ஆறு மணின்னு முடிவாச்சு.

அந்த ஒரு மணி நேரமும் டியூக்தான் ராஜா. ஒரு ஆன்ட்டி நாற்காலி மேல ஏறி அவன் நெத்தியில சந்தனம் குங்குமம் வெச்சாங்க. குழந்தைங்க வரிசையா வந்து மூக்கைத் தொட்டுச்சு. கேமரா மின்னுது. இமைக்கலை பயல். பெட்டிதான் பொறுமை இல்லாம மாப்பிள்ளை மாலையில பாதியைத் தின்னுட்டா. "எவ்வளவு சாது பாருங்க"ன்னு எல்லாரும் டியூக்கைச் சொல்லச் சொல்ல நான் வாட்சையே பார்த்துக்கிட்டிருந்தேன். நிக்கறதுலதான் அவன் மன்னனாச்சே.

ஆறு மணி. மாப்பிள்ளை ஏறினார். தாம்பாளத்தை மடியில வெச்சுக்கிட்டு அவரோட சித்தியும் ஏறினாங்க. நான் முன் ஆசனத்துல வாரைப் பிடிச்சுச் சொடுக்கினேன். பெட்டி காலரை முட்டினா. டியூக் நின்னான். மறுபடி சொடுக்கினேன். நின்னான். நாதஸ்வரம் முடிஞ்சு டேப்பைத் திருப்பிப் போட்டாங்க. குதிரைங்க முன்னாடி நின்ன மேபிள் முகத்துல ரத்தமே இல்லை. "பெட்டி, நான்தான் சொன்னேனே"ன்னாங்க, ரொம்ப மெதுவா. நாற்பது பேர் பட்டுப் புடவையில என் முதுகையே பார்க்கறாங்க.

"ஆன்ட்டி, ஒரு தடவை எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி கனெக்ட் பண்ணிப் பாருங்களேன்"னு மாப்பிள்ளை ஐடியா கொடுத்தார். கம்ப்யூட்டர்க்காரர், வேற என்ன சொல்லுவார்.

அப்பத்தான் அவரோட தாய்மாமன் வந்தார். கோயமுத்தூர்ல காலேஜ்ல கணக்குப் புரொபசரா இருந்து ரிடையர் ஆனவர், விசிட்டர் விசாவுல வந்திருக்கார். "ஏனுங், வண்டி நின்னு போச்சுங்களா? ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் தள்ளி விட்டாக் கிளம்பிருமுங்க"ன்னு சொல்லிக்கிட்டே பின்னாடி போனார். மைசூர் பஸ் மலையேறாம நின்னா இறங்கித் தள்ளுவோமே, அதே மாதிரி நாலு பேர் சட்டைக் கையை மடிச்சுட்டாங்க. பாரம் குறையட்டும்னு மாப்பிள்ளையும் கீழே குதிச்சுத் தானும் கை கொடுக்கப் போனார். நான் திரும்பிப் பார்த்துக் கத்தினேன். "கையை எடுங்க, யாரும் வண்டியைத் தொடாதீங்க, மிரண்டுடும்." எல்லாரும் கையை எடுத்துட்டாங்க. தாய்மாமன் மட்டும், ஏற்கெனவே ஒரு தள்ளு தள்ளிட்டோம்ங்கிற நினைப்புல, பழக்க தோஷம், "சரிங்கம்மிணி, இப்ப எடுத்துப் பாருங்க. போலாம் ரைட்"னு பின்பலகையில டப் டப்புன்னு ரெண்டு தட்டு தட்டினார்.

நம்ம ஆளுங்க அப்படித்தான். பஸ்ஸோ, காரோ, ஆட்டோவோ, பின்னாடி ரெண்டு தட்டுத் தட்டாம அனுப்ப மாட்டாங்க. ஏரோப்ளேனைக் கை எட்டலைன்னுதான் விட்டு வெச்சிருக்காங்க.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். மேபிளோட சட்டத்தை இதுக்கு மேல ஒருத்தர் உடைக்க முடியாது. மிரண்டு பாயப் போகுதுன்னு வாரை இழுத்துப் பிடிச்சா, வண்டி நகருது. பாயலை. நிதானமா, அழகா, ஒரே சீரா நடக்கறான் டியூக். பெட்டியே ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டா. எனக்குச் சந்தோஷத்துல ஒண்ணுமே ஓடலை. "ஐயோ மாப்பிள்ளை"ன்னு உள்ளேயிருந்து சித்தி அலறினப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை பாதி மாலையோட கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி ஓடி வர்றார். அவருக்குப் பின்னாடி டேப் ரெக்கார்டர் ஓடி வருது. ஹால் வாசல்ல பொண்ணு வீட்டுக்காரங்க ஆரத்தித் தட்டோட, சித்தியை மட்டும் ஏத்திக்கிட்டு வர்ற சாரட்டைப் பார்த்து முழிக்கறாங்க.

நிறுத்துன்னேன். டியூக் நின்னான். நிக்கச் சொன்னா எப்ப நிக்காம இருந்தான். மாப்பிள்ளை ஏறினார், மூச்சு வாங்கினார். நான் சொடுக்கினேன். டியூக் பழையபடி தூண்.

"சார், மறுபடி அதே மாதிரி தட்டுங்க"ன்னு தாய்மாமனைக் கூப்பிட்டேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். "அம்மிணி, தெரியாம தட்டிப்போட்டேனுங்க. விசா கிசா போயிரப் போகுதுங்க, என்னை விட்டுருங்க"ன்னு பின்னாடியே நகர்றார். மேபிள் முன்னாடியிருந்து விடுவிடுன்னு நடந்து வந்து, டியூக் கழுத்துல கை வெச்சு, "டியூக், அந்தப் பெரியவரைத் தட்டச் சொல்லு"ன்னாங்க. தாய்மாமன் டியூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரைச் சொல்றாங்க?" "உங்களைத்தான் சார்"னேன். பயந்துக்கிட்டே, குழந்தை முதுகுல தட்டற மாதிரி ரெண்டு தட்டு தட்டினார். டியூக் கிளம்பினான்.

ஹால் வாசல்ல ஆரத்தி சுத்தி முடிக்கிற வரைக்கும் மேபிள் டியூக்கையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் அவன் காதைப் பிடிச்சு, "அந்த வைக்கோல் வண்டியில பாரம் ஏத்தினவன் பின்னாடி நின்னு பலகையைத் தட்டினாத்தான் நீ போவியா? இத்தனை நாளா அதுக்குத்தான் காத்துக்கிட்டு நின்னியா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. குரல் உடைஞ்சு போச்சு. யாரு பேச்சையும் கேட்காதவன்னு நாங்க நெனச்சவன், சொன்ன பேச்சு தவறாதவனா இருந்திருக்கான். எனக்கு வந்த அழுகையை முந்தானையில துடைச்சுக்கிட்டேன். வேலைக்குப் பேண்ட் சட்டைதான் போடுவேன், சித்தியோட முந்தானை அது.

ராத்திரி விருந்துல மேபிளைத் தாய்மாமன் தன் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டார். குதிரை இல்லாம மேபிளுக்குப் பேச வரலை, அவர் ஒருத்தரே பேசினார். மேசையைத் தட்டித் தட்டி என்னமோ சொல்லிக் கொடுக்கறார், மேபிள் பாயசத்தைக் குடிச்சுக்கிட்டே தலையாட்டறாங்க. ஆனா செவ்வாய்க்கிழமையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வர்ற வழியிலயும் இல்லை. திங்கட்கிழமை முழுக்க பென்னோட குளம்பைக் கழுவிக் கட்டுப் போட்டாங்க, என்கிட்டயும் பேசலை, பெட்டிகிட்டயும் பேசலை. நடந்துட்டா பார்க்கலாம்னுதானே சொன்னாங்க, லாரி வேண்டாம்னு சொல்லலையே.

செவ்வாய்க்கிழமை காலையில லாரி வந்துடுச்சு. காலி லாரி, மரத் தடுப்புப் போட்டது. வியாபாரி இன்ஜினை நிறுத்தாம கண்ணாடியை இறக்கி, எந்தக் குதிரைன்னு கேட்டான். டியூக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எங்களைப் பார்த்துக்கிட்டிருந்தான், நெத்தியில குங்குமம் இன்னும் அழியலை. நான் வேலிக் கதவை மறிச்சுக்கிட்டு நின்னேன். வேலை போனாலும் போகட்டும்னுதான் நின்னேன்.

மேபிள் லாயத்துல இருந்து வந்தாங்க. லாரிக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. குதிரை எதுவும் இல்லை, பேச ஆள் இல்லை. வியாபாரியை நேராப் பார்க்கவும் முடியாம, பார்க்காம இருக்கவும் முடியாம ஒரு நிமிஷம் தடுமாறினாங்க. அப்புறம் மெதுவா லாரியோட பின்பக்கம் போய், மரப்பலகையில உள்ளங்கையால டப் டப்புன்னு ரெண்டு தட்டு தட்டினாங்க.

"போலம் ரைட்."

வியாபாரிக்குப் புரிஞ்சுதோ இல்லையோ, லாரி காலியாவே கிளம்பிடுச்சு. சத்தம் கேட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் டியூக்கும் நடக்க ஆரம்பிச்சான்.